ஆபத்துக்கு முந்திய கல்வி

1973-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் ஈப்போவின் குனோங் சீரோவில் பெரும் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகளின்மீது வீழ்ந்து சுமார் 40 பேரைப் பலிகொண்டது. கல்லுமலை சுப்பிரமணியரைத் தரிசிக்க நாம் ஆண்டுதோறும் கூடும் குன்று அது. மழைநீர் விரிசல்களில் இறங்கிச் சுண்ணாம்பை மெல்லக் கரைப்பதால், புதுப் பிளவும் உதிரும் சிறு கற்களும் சில வேளைகளில் முன்னறிவிப்பாகின்றன. அவற்றை அறியும் பயிற்சியோ நம் குடும்பங்களுக்கு இன்றுவரை முறையாக அளிக்கப்படவில்லை. 1996 ஆகஸ்டு 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் மரங்களோடு புரண்டுவந்த சேற்று வெள்ளம் 44 பூர்வகுடி மக்களை மாய்த்த பின்னரும் நிலைமை அதுவே.

முறையான பயிற்சி இல்லாவிடினும், அன்று ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு மணி ஒலித்தால் தொழிலாளர் லயம் முழுதும் திரண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறியபின், அண்டை வீட்டு மூதாட்டி நடக்க இயலாதவர் என்பதைக்கூட அறியாதோர் பலர். அந்த அண்டை உறவின் இழப்பையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். ஆகவே தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தீயணைப்பு மீட்புப் படையினரை அழைத்து, ஆண்டிறுதி மழைக்கு முன்பே ஒத்திகை நடத்துதல் அவசியம். எங்கே கூடுவது, முதியோரை யார் தூக்கிவருவது, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் எந்தப் பையில் இருப்பது, 999-ஐ அழைத்து இடத்தை எவ்வாறு விளக்குவது என்பவற்றைச் சிறுவர்களும் கூசாமல் சொல்லும்வரை அந்த ஒத்திகை தொடரட்டும்.