மேலே போகும் கேஸ், கீழே தங்கும் கேஸ்

தில்லியிலும் மும்பையிலும் குழாய் கேஸ் வந்த வீட்டிலிருந்து சிலிண்டர் வெளியேறிவிடுகிறது. சிலிண்டர் காலத்துப் பழக்கங்கள் வெளியேறுவதில்லை. சிக்கல் அங்கேதான்.

சிலிண்டரில் இருப்பது ப்யூட்டேனும் ப்ரொபேனும் கலந்த எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவி, மேடைக்கு அடியில் தேங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். கசிந்தால் கூரையை நோக்கிப் போகும். எனவே கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது; சுவரின் உச்சியில் உள்ள துவாரமும் திறந்திருக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். புறா வருகிறது, தூசி வருகிறது என்று அந்தத் துவாரத்தைத்தான் முதலில் அட்டை வைத்து அடைக்கிறார்கள். அழகு கெடுகிறதென்று குழாயையும் வால்வையும் பலகைப் பெட்டிக்குள் மறைக்கும் தச்சு வேலை வேறு. அவசரத்தில் கைக்கு எட்டாத வால்வு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

இரண்டு வாயுவுக்கும் சொந்த வாசனை கிடையாது. மூக்கைத் துளைக்கும் நாற்றம், வேண்டுமென்றே சேர்க்கப்படும் மெர்காப்டன். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் தரைக்கு அடியில் வெளியேற வழியின்றிச் சேர்ந்திருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் அங்கே நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

அந்த நாற்றம் வந்தால் பலரும் செய்வது, எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டுவது. போட்டாலும் அணைத்தாலும் சுவிட்சுக்குள் பொறி பறக்கும், அதுவே போதும். வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து போன் செய்ய வேண்டும். சிலிண்டர் என்றால் 1906. குழாய் என்றால் அந்தந்தக் கம்பெனியின் அவசர எண், பில்லில் இருக்கும். கசிவு எங்கே என்று தேட சோப்பு நுரை போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதிகம் பேர் யோசிக்காதது அடுப்பின் ஜெட். ஒரே கன அளவுக்கு எல்.பி.ஜி. தரும் வெப்பம், இயற்கை எரிவாயுவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் குழாய் கேஸுக்குப் பெரிய துளையுள்ள ஜெட் தேவை. இணைப்புக் கொடுக்கும்போது மெக்கானிக் மாற்றிவிடுகிறார். சிலர் பழைய ஜெட்டின் துளையையே பெரிதாக்கிவிட்டுப் போவதும் உண்டு. பிறகு ஒருநாள் வீட்டுக்காரருக்கு, குழாய் கேஸ் இல்லாத ஊருக்கு மாற்றல் வருகிறது. கட்டில் பீரோவோடு அதே அடுப்பும் லாரியில் ஏறுகிறது. புது ஊரில் சிலிண்டரை மாட்டிப் பற்றவைத்தால் சுடர் மஞ்சளாக எகிறுகிறது, பாத்திரத்தின் அடி கரியாகிறது. சிலிண்டர் சரியில்லை என்று ஏஜென்சியிடம் சண்டை. சரியாக எரியாத அந்தச் சுடர் கரியோடு கார்பன் மோனாக்சைடையும் தருகிறது. அதற்கு நாற்றமே கிடையாது. எல்.பி.ஜி. ஜெட்டுகளைத் திரும்பப் பொருத்தும்வரை அந்த அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. பழைய ஜெட்டுகளை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தால் வேலை சுலபம்.