கல் வரும் தேதி மட்டும் தெரிந்தால் போதுமா?

2025 பிப்ரவரியில் உங்கள் செல்போனுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதலாம், வாய்ப்பு 3.1 சதவீதம் என்றார்கள். விழக்கூடிய இடங்களின் வரிசையில் தெற்காசியாவும் இருந்தது. சில நாட்களில் கூடுதல் அளவுகள் கிடைத்தன. பூமிக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். நாமும் மறந்துவிட்டோம்.

ஆனால் அதே செய்தியில் இன்னொரு எண்ணும் இருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கல்லின் அளவு 40 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம் என்பதுதான் அது. உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து 90-ஐ 40-ஆல் வகுங்கள். 2.25 வரும். அதை 2.25-ஆல் ஒருமுறை பெருக்கி, வந்த விடையை மறுபடியும் 2.25-ஆல் பெருக்குங்கள். பதினொன்றைத் தாண்டிவிடும். அதாவது ஒரே வகைப் பாறை என்றால் பெரிய கல்லின் எடை சிறியதைப் போல 11 மடங்கு. மோதப்போவது ஒரு லாரியா, பதினொரு லாரிகளா என்று தெரியாமல் நாள் மட்டும் குறித்திருக்கிறோம்!

ஏன் இந்தக் குழப்பம்? டெலஸ்கோப்பில் சிறுகோள் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கிடைப்பது வெளிச்சம் மட்டும். கரி போலக் கறுத்த பெரிய கல்லும், சுண்ணாம்பு போல வெளுத்த சின்னக் கல்லும் ஒரே அளவு வெளிச்சம் தரும். பிறகு ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் அந்தக் கல்லிலிருந்து வரும் வெப்பத்தை அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது.

புதிய சிறுகோள்களைக் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் பெயரும் புகழும், அவற்றின் உடம்பை ஆராய்வதற்குக் கிடைப்பதில்லை. இது தவறு என்பது என் கருத்து. எடை என்ன, உள்ளே கெட்டியா பொத்தலா, எப்படிச் சுழல்கிறது என்று தெரியாமல் அதைத் தள்ளிவிட முடியாது.

பென்னுவைப் பாருங்கள். சுமார் 490 மீட்டர் அகலம். 2020 அக்டோபர் 20 அன்று ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் மண் எடுக்க அதைத் தொட்டபோது, கை அரை மீட்டர் உள்ளே போய்விட்டது. பாறை என்று பார்த்தால் தளர்வான சரளைக் குவியல்! அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய ஜோடியைச் சுற்றும் நேரம் 73 விநாடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். குறைந்தது 32 நிமிடம்! மோதிய வேகத்தில் சிதறிய கற்கள் பின்னோக்கிப் பாய்ந்து, பலூனில் காற்று போவது போலக் கூடுதலாகத் தள்ளிவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கல் வேறு மாதிரி இருந்தால்? டைமார்ஃபஸின் எடையை நேரில் போய் அளக்க ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் புறப்பட்டதே 2024 அக்டோபர் 7 அன்றுதான். இடித்துவிட்டு எடை பார்க்கப் போகிறோம்.

தேதியைச் சரியாகச் சொல்லவும் உடம்பு தெரிய வேண்டும். சூரியனால் சூடான கல், சுழன்றபடியே அந்தச் சூட்டை வெளியே விடும்போது மிக மெதுவாகத் தள்ளப்படுகிறது. பென்னுவின் பாதை இப்படி வருடத்துக்கு சுமார் 284 மீட்டர் நகர்கிறது. நூறு வருடக் கணக்குப் போடும்போது இது சின்ன விஷயமில்லை.

இதற்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உருளைக்கிழங்கு மாதிரியான கல் சுழலும்போது வெளிச்சம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து அதன் உருவத்தையும் சுழற்சியையும் கணக்கிடலாம். ஆனால் ஏராளமான உருவங்களையும் வேகங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக்கி வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்ப, பிராகில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தினர் 2012-ல் தொடங்கியதுதான் 'ஆஸ்டராய்ட்ஸ் அட் ஹோம்'. வேற்றுக் கிரக வாசிகளைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச்சில் அது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. இதுவும் அதே முறைதான். பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து எழுத்துப் பெயர் கொண்ட இலவச சாஃப்ட்வேர் தேவை.

இதில் கணக்கிடப்படுபவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுபவை. நம்மை நோக்கி வருபவை அல்ல. இருந்தாலும் இவற்றின் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அவற்றையும் புரிந்துகொள்ள உதவும். சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரீன் சேவரை ஓட்டுவதைவிட இது மேல்.

கரண்ட் பில் ஏறும், சூடும் ஆகும். அதனால் பழைய லேப்டாப்பில் வேண்டாம். சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். செட்டிங்ஸில் போய், நீங்கள் வேலை செய்யும்போது கணக்கு நிற்கும்படியும், பிராசசரில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்படியும் மாற்றிவிடுங்கள். முதல் வாரம் மின் மீட்டரைக் குறித்து வைத்துப் பாருங்கள், கட்டுப்படியானால் தொடருங்கள்.