பூம்பாறை படிக்கட்டும் மின்தடை இல்லாத பொருளும்: சராசரியை மட்டும் நம்பலாமா?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை போகிற வழியில், வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. மேலிருந்து பார்த்தால் வயல்கள் எல்லாம் ஒரே அளவில் வெட்டிய படிக்கட்டு மாதிரி இருக்கும். வரப்பில் இறங்கி நடந்தால்தான் தெரியும், ஒரு படி முழங்கால் உயரம், பக்கத்துப் படி இடுப்பு உயரம்.

மீக்கடத்திகளை, அதாங்க சூப்பர் கண்டக்டர்களை, ஆராய்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை பூஜ்யமாகிவிடும் பொருள்தான் மீக்கடத்தி. மின்சாரம் சூடாகி வீணாகாது. 1911இல் நெதர்லாந்தின் கேமர்லிங் ஓன்ஸ் இதை முதலில் பார்த்தது பாதரசத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில். (ஆமாம், 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையால் கொடைக்கானலுக்குக் கசப்பான நினைவாகிப்போன அதே பாதரசம்தான்.) ஸ்கேன் சென்டர் எம்ஆர்ஐ காந்தங்களுக்கு இன்றும் திரவ ஹீலியம் தேவைப்படுவது இந்தக் கடுங்குளிருக்காகத்தான்.

1986இல் கதை மாறியது. பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் அடுக்கடுக்கான தாமிர ஆக்சைடில் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு தாமிர ஆக்சைடு மைனஸ் 180 டிகிரியைத் தொட்டது. அதற்கு விலை குறைந்த திரவ நைட்ரஜனே போதும். ஆனால், ஏன் இப்படி? அமெரிக்காவின் பிலிப் ஆண்டர்சனும், பின்னாளில் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி.பாஸ்கரனும் 1987இல் ஒரு விடை சொன்னார்கள். தாமிர அடுக்கில் அக்கம்பக்கத்து எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தே இருக்கின்றன. சிலவற்றை வெளியே எடுத்தால் மிச்ச ஜோடிகள் நகர ஆரம்பிக்கும் என்பது அதன் சாரம். இதன் மீதான விவாதம் இன்னும் முடியவில்லை.

அணுக்களின் இருப்பிடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம், 2008இல் தைவானில் கண்டறியப்பட்ட இரும்பு செலினைடு. அது மீக்கடத்தியாவது மைனஸ் 265 டிகிரியில். பாதி செலினியத்தை எடுத்துவிட்டு டெல்லூரியம் வைத்தால் மைனஸ் 259 வரை ஏறுகிறது. வழக்கமான எக்ஸ்ரே சோதனை, இரண்டு அணுக்களும் இரும்பு அடுக்கிலிருந்து ஒரே உயரத்தில் இருப்பதாகவே காட்டும். அது சராசரி. ஒவ்வொரு அணுவின் அக்கம்பக்கத்தையும் தனியாக அளந்தபோது செலினியம் தாழ்வாகவும் டெல்லூரியம் உயரமாகவும் இருந்தன. இந்த உயரத்தைப் பொறுத்துதான் இரும்பின் காந்தத்தன்மையும் மீக்கடத்தலும் மாறுகின்றன.

2023 ஜூலையில் 'எல்கே-99' வைரலானது நினைவிருக்கிறதா? சாதாரண அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி என்று தென்கொரியாவில் இருந்து அறிவிப்பு வந்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அதே பொருளைச் செய்து பார்த்தது, மீக்கடத்தல் இல்லை. மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம், கலந்திருந்த தாமிர சல்பைடு. ரீல்ஸ் போட்ட பலர் இந்தப் பின்கதையைப் போடவே இல்லை.

அணுவின் அக்கம்பக்கத்தை அளக்கும் வசதி நம் நாட்டிலும் உண்டு, இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில். இப்படிப்பட்ட கருவிகளுக்கும், அவற்றோடு வருடக்கணக்கில் உட்காரும் ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்கும்தான் அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். 'உலகிலேயே முதல்முறை' அறிவிப்புகளுக்குக் கைதட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.