பெருவிரல் தேய்ந்தால் டெலிமார்க் முடிந்ததா?

கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டியதும், டெலிமார்க் பனிச்சறுக்கில் ஈடுபடுபவர்கள் காதில் முதலில் விழுவது இதுதான்: "இனி இந்த விரல் தாங்காது. குதிகாலைப் பலகையோடு பூட்டிக்கொள்ளும் சாதாரணச் சறுக்குக்கு மாறிவிடுங்கள்." சொல்பவர்களின் அக்கறையில் சந்தேகமில்லை. சொல்லும் காரணங்கள்தான் நிற்கவில்லை.

டெலிமார்க் என்பது நார்வேயில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்குள்ள மோர்கெடாலில் 1825இல் பிறந்த சோண்ட்ரே நூர்ஹைம் இந்தப் பாணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர். பூட்ஸின் முன்பகுதி மட்டுமே பலகையில் பிணைந்திருக்கும். குதிகாலுக்குக் கட்டு இல்லை. திரும்பும்போது ஒரு கால் முன்னே போகும். பின்காலின் முழங்கால் மடிந்து குதிகால் எழும்பும். அந்தக் கணத்தில் பின்காலின் பெருவிரல் மூட்டு மேல்நோக்கி வளைகிறது. தேய்ந்த மூட்டின் மேல்விளிம்பில் எலும்பு முனை வளர்ந்திருந்தால், வளைவு அதில் போய் முட்டும். வலி அங்கேதான் பிறக்கிறது. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"விரல் முழுசாக வளையாவிட்டால் டெலிமார்க் திருப்பமே வராது" என்பது முதல் வாதம். தோல் பூட்ஸ் காலத்துக்கு அது பொருந்தும். 1970களில் கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் ஊரில் இந்தப் பாணி மறுபடி உயிர்பெற்றபோது, முழங்கால் பலகையைத் தொடுமளவு தாழ்ந்து திரும்புவது வழக்கமாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஸ்கார்பா நிறுவனம் டெர்மினேட்டர் என்ற பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகு ஆட்டமே மாறியது. கால்களை அதிகம் அகட்டாமல், நிமிர்ந்து நின்று, இரு கால்களிலும் எடையைப் பகிர்ந்து திரும்பலாம். குதிகால் கொஞ்சம் எழுந்தால் போதும். பின்காலில் நுனிவிரலில் நிற்கும் பழக்கத்தைக் கைவிட்டாலே வலி பாதி குறைந்ததை உணர்பவர்கள் உண்டு. விரல் முரண்டு பிடிக்கும் நாளில் அதே பலகையில் இரு கால்களையும் இணையாக வைத்தும் திரும்பலாம். குதிகால் கட்டற்றது என்பதற்காக அதைத் தூக்கியே தீர வேண்டும் என்று விதி ஏதுமில்லை.

தேய்மானம் எல்லோருக்கும் ஒரே அளவிலும் இருப்பதில்லை. காஃப்லின், ஷுர்னாஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 2003இல் வகுத்த தரவரிசை சுழியம் முதல் நான்கு வரை போகிறது. ஒன்றாம் கட்டத்தில் விரல் 30 முதல் 40 டிகிரி வரை மேலே வளையும். மூன்றாம் கட்டத்தில் 10 டிகிரிக்கு மேல் வளையாது. இந்த இரண்டு கட்டத்தினருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது எந்த ஊர் வைத்தியம்?

பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் விளங்கும். விரல்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக்கின் குறுக்கே, கொல்லன் துருத்தியைப் போல மடிப்புகள் ஓடும். பூட்ஸ் அங்கேதான் மடியும். பெருவிரலின் அடிமூட்டும் சரியாக அந்த மடிப்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு அளவு பெரிய பூட்ஸாக இருந்தால் மடிப்பு முன்னே தள்ளிப்போய் விரலின் மேலேயே விழும். குதிகால் எழும்பும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் விரலை அழுத்தும். அதை "மூட்டு முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு விளையாட்டையே விடுவது வீண் இழப்பு. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஓட்டுக்குள் விட்டு, மூட்டு எங்கே நிற்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். எலும்பு முனை உரசும் இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளித்தள்ளிக் கொடுக்கவும் பூட்ஸ் பொருத்துபவர்களுக்குத் தெரியும்.

உள்ளே ஒரு விறைப்பான தகடும் வைக்கலாம். மெல்போர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் 100 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், காலணிக்குள் கார்பன் இழைத் தகடு வைத்தவர்களுக்கு, பெயருக்கு ஏதோ வைத்துக்கொண்டவர்களைவிட 12 வாரத்தில் வலி அதிகம் குறைந்தது. அது அன்றாடக் காலணியில் நடந்த சோதனைதான். என்றாலும் வளைவைக் குறைத்தால் வலி குறையும் என்ற அடிப்படை பனியிலும் மாறாது.

"மலையேறும்போது எட்டுக்கு எட்டு விரல் மடியுமே?" பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பழைய மூன்று ஊசிக் கட்டில் மடியத்தான் செய்தது. இப்போதைய பல கட்டுகளில் ஏற்றத்துக்கென்று தனி நிலை உண்டு: பூட்ஸ் மடியாமல் முன்முனையில் கதவுக் கீல் போலச் சுழலும். ஏறும் மணிக்கணக்கில் பெருவிரலுக்கு ஓய்வு. இறக்கத்திலும் கட்டின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, விறைப்பான பூட்ஸைத் தேர்ந்தால் மடிப்பின் பங்கு குறையும்.

அடுத்தது, "ஒவ்வொரு திருப்பமும் மூட்டை அரைத்துத் தின்றுவிடும்" என்ற அச்சம். மூட்டு வண்டியின் பிரேக் கட்டை அல்ல. அது உயிருள்ள திசு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதல் எல்லா நோயாளிகளுக்கும் தகுந்த உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அசைவைக் கண்டு பயப்பட வேண்டாம். எலும்பு எலும்பில் முட்டும் கடைசி எல்லைக்கு விரலைத் தள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூட்டையே இணைத்துவிடும் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு? அங்கே கேள்வி கடினமாகிறது. விரல் சற்றே மேல்நோக்கிய கோணத்தில் நிலையாக நிற்கும், அடிமூட்டு வளையாது. பூட்ஸ் மடியும்போது அந்த வேலையை விரலின் நுனிமூட்டும் பிற விரல்களும் ஏற்கின்றன. ஆகவே ஆழமான திருப்பத்தை மறந்துவிட வேண்டியதுதான். எலும்பு முழுதாகச் சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, விறைப்பான பூட்ஸில் நிமிர்ந்த நிலையில் சறுக்குவதற்குக் கதவு அடைபடவில்லை.

"குதிகாலைப் பூட்டினால் நிம்மதி" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பூட்ஸின் அடிப்பாகம் மடியவே மடியாது, மூட்டுக்கு அது நல்லது. மறுபாதி: விரலின் மேலே புடைத்த எலும்புக்கு இறுக்கமான அந்த ஓடும் தொல்லை தரும்.

நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஆறாத எலும்பு முறிவு, நடுப்பாத மூட்டு விலகிய காயம், விரலின் அடித்தசைநார் கிழிவு, சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதம் — இவற்றோடு பனிக்குப் போகக் கூடாது. மறுநாள் காலையிலும் வீக்கம் வடியாவிட்டால் அதுவும் எச்சரிக்கைதான்.

மற்றவர்கள் பூட்ஸை விற்க விளம்பரம் கொடுப்பதற்கு முன், விரல் எத்தனை டிகிரி வளைகிறது என்று மருத்துவரிடமும், மடிப்பு எங்கே விழுகிறது என்று பூட்ஸ் பொருத்துபவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.