ஆமைக்கும் ஆயுள் உண்டு

உள்ளங்கையில் அடங்கும் ஆமைக்குஞ்சைக் கண்டால் வளர்க்க ஆசை எழுவது இயல்பே. ஆயினும், காதருகே சிவப்புக் கோடுடைய அந்த அமெரிக்க ஆமை உணவுத் தட்டின் அளவுக்கு வளரும். இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். இன்று தொடக்கப்பள்ளியில் பயில்பவர் நாளை பணிக்குச் செல்லும்போதும் அது உணவுக்குக் காத்திருக்கும். இதனை எண்ணாது வாங்குவோரே பின்னர் அதனைக் கைவிடுகின்றனர்.

அத்தகைய ஆமைகளை ஏற்றுப் பேணுவது எளிதன்று. 2001ஆம் ஆண்டு ஜூரோங் சீனத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தினர் ஆமைக் காட்சியகம் ஒன்றைத் தொடங்கினர். உரிமையாளர் வேண்டாமென்ற ஆமைகளும் அங்கே அடைக்கலம் பெற்றன. 2019இல் அவ்விடத்தைவிட்டு யீஷூனுக்குப் பெயர நேர்ந்தபோது, நூற்றுக்கணக்கான ஆமைகளுக்கும் புதிய இடம் அமைக்க வேண்டியதாயிற்று.

நம் முன்னோரின் நாட்டைச் சேர்ந்த நட்சத்திர ஆமைகளின் நிலையும் இரங்கத்தக்கது. இங்கு அவற்றை வளர்ப்பது குற்றமாகும். ‘ஏக்கர்ஸ்’ விலங்குநலச் சங்கம் காப்பாற்றிய 51 நட்சத்திர ஆமைகள் 2018இல் விமானம் மூலம் இந்தியாவின் கர்நாடக மாநிலத்திற்கு அனுப்பப்பட்டன.

பூங்காக் குளத்தில் விடுவதும் கருணையாகாது. நில ஆமை நீந்த அறியாது, மூழ்கி இறக்கும். நீர் ஆமையோ அங்குள்ள உயிர்களின் உணவைப் பறிக்கும். 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி விலங்குகளை விடுவிப்பதும் குற்றமே.

காப்பகங்கள் சிலவே, அவற்றின் இடமும் சிறிதே. கைவிடப்பட்ட உயிர்களை யாரேனும் காப்பர் என்றிருத்தல் முறையன்று. ஆயுள் முழுதும் பேண இயலுமா என்று பெற்றோருடன் கலந்து எண்ணிய பின்னரே வாங்குவோமாக. இயலாதெனின், வாங்காதிருப்பதே அன்பாகும்.