இரண்டு லிட்டர் பாலும் சர்க்கார் சீட்டும்

பச்சைமலை அடிவாரத்துக் கிராமங்களில் கோழி கூவுமுன்பே பால் கறக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு மாடு, மிஞ்சினால் மூன்று. கறந்ததில் பெரும்பகுதி சொசைட்டிக்குப் போகிறது. இரண்டு மூன்று லிட்டர் மட்டும் தூக்குவாளியில் துறையூர்த் தெருக்களுக்கு வருகிறது. இந்தத் தூக்குவாளிப் பால்தான் இன்று சட்டப் பிரச்னையாகியிருக்கிறது.

ஏன் அந்த இரண்டு லிட்டரை நிறுத்திக்கொள்கிறார்கள்? பேராசையாலா? சொசைட்டியில் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று 2022 நவம்பரில் நிர்ணயம் ஆயிற்று. 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் கைக்கு வருகிற நாள்தான் முக்கியம். பட்டுவாடா தள்ளிப்போனால் புண்ணாக்குக் கடைக்காரர் காத்திருப்பாரா? தெருவில் ஊற்றிய பாலுக்கு அன்றன்றைக்கே காசு. அந்தக் காசில்தான் மாடும் தின்கிறது, பிள்ளைகளும் தின்கின்றன.

2006ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5ல் அமுலுக்கு வந்தது. வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் செய்பவர் லைசென்ஸ் எடுக்கவேண்டாம், பதிவு செய்தால் போதும், கட்டணம் 100 ரூபாய் என்று விதி வந்தது. பால் உற்பத்தியாளருக்கு ஒரு விலக்கும் தந்தார்கள்: கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றினால் பதிவு தேவையில்லை. ‘முழுவதையும்’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் சூட்சுமம். பத்து லிட்டரும் சங்கத்துக்குப் போனால் அவள் விவசாயி. எட்டு லிட்டர் சங்கத்துக்கும் இரண்டு லிட்டர் பக்கத்துத் தெருவுக்கும் போனால் அவள் ‘உணவு வணிகர்’! மாடு அதே மாடு, மடி அதே மடி.

வேடிக்கை இதோடு முடியவில்லை. அதே சட்டத்தின் 18வது பிரிவு, இச்சட்டம் விவசாயிக்கும் விவசாய வேலைகளுக்கும் கால்நடைக்கும் பொருந்தாது என்கிறது. அப்படியானால் தூக்குவாளியோடு வருகிற அம்மாள் விவசாயியா, வியாபாரியா? சட்டம் அவளுக்குப் புரியும்படி சொல்லவில்லை. சட்டம் தெளிவில்லாத இடத்தில் அதிகாரியின் மனசுதான் சட்டமாகிறது. நூறு ரூபாய்க் கட்டணம் பெரிதில்லை என்பார்கள். கம்ப்யூட்டரில் மனு போட, போட்டோ எடுக்க, ஒருநாள் கூலியை விட்டு அலைய ஆகும் செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்?

லேபிள் கதை இன்னும் பழையது. 1954ம் வருஷத்துக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த விதியில், என்ன பால் என்று குறிப்பிடாமல் விற்றால் அதை எருமைப்பாலின் அளவுகோலால் நிறுக்கவேண்டும் என்று இருந்தது. நம் மாகாணத்தில் எருமைப்பாலுக்கு 5 சதவிகிதக் கொழுப்பு, பசும்பாலுக்கு 3.5. சுத்தமான பசும்பாலை எழுத்தில்லாத சொம்பில் கொண்டுவந்தவன், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமலே கலப்படக்காரன்! சொம்பில் என்ன எழுதவேண்டும் என்று எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சோதனையே கூடாது என்று நாம் வாதாடவில்லை. தண்ணீர் கலப்பவனுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. காய்ச்சாத பாலால் நோய் வரும். நம் வீடுகளில் எந்தத் தாயும் காய்ச்சாமல் கொடுப்பதில்லை. ஆனால் காய்ச்சினாலும் போகாத விஷம் ஒன்று இருக்கிறது. 2018ல் நாடு முழுவதும் 6,432 மாதிரிகளைச் சர்க்காரே சோதித்தது. கலப்படம் என்று அகப்பட்டவை 12 மட்டுமே. பூஞ்சை விஷமான அப்ளாடாக்சின் வரம்புக்கு மேல் இருந்தவையோ 368. அதில் தமிழ்நாட்டின் பங்கு 88, மாநிலங்களிலேயே அதிகம். கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது கூடுதலாகத் தெரிந்தது. இந்த விஷம் தீவனத்திலிருந்து மாட்டுக்கு வருகிறது, மாட்டிலிருந்து பாலுக்கு வருகிறது. தூக்குவாளியில் சீட்டு ஒட்டினால் தீவன மூட்டை சுத்தமாகிவிடுமா?

பெரிய கம்பெனிகளிடம் சர்க்காரின் கை எவ்வளவு மிருதுவாகிறது பாருங்கள். ‘ஏ1’, ‘ஏ2’ என்று லேபிளில் போட்டுப் பாலும் நெய்யும் விற்பது ஜனங்களை ஏமாற்றுவது, அதை எடுத்துவிடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21ந் தேதி உத்தரவிட்டது. 26ந் தேதியே உத்தரவு வாபஸ்! சம்பந்தப்பட்டவர்களோடு மேலும் ஆலோசிக்க வேண்டுமாம். துறையூர் மாட்டுக்காரர்களோடு எந்த அமைச்சர், எந்த ஆணையம், எப்போது ஆலோசித்தது?

பல வீடுகளில் பாலைச் சேர்த்து விற்கும் வியாபாரியைப் பதிவு செய்யட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. தன் மாட்டின் பாலைத் தானே ஊற்றும் குடும்பத்துக்கு 18வது பிரிவு பொருந்தும் என்று சர்க்கார் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். சொசைட்டிக் கருவியில் தெருப் பாலையும் இலவசமாகச் சோதித்துக் கொடுக்கட்டும். தீவன மூட்டையை விற்பனைக்கு வருமுன் சோதிக்கட்டும். சொசைட்டிப் பணத்தை வாரம் தவறாமல் பட்டுவாடா செய்யட்டும். அப்புறம் எத்தனை பேர் இரண்டு லிட்டரை நிறுத்திக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.