மேம்பாலத்துக்குக் கீழேயும் ஒரு சாலை

சென்னையில் சரக்கேற்றிக் கிளம்பும் லாரி நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம் எல்லாம் தாண்டி, 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஓடி ஹவுரா எல்லைக்கு வருகிறது. இனி ஹூக்ளி ஆற்றின் மேல் நிற்கும் வித்யாசாகர் சேதுவைத் தாண்டினால் கொல்கத்தா. அந்தப் பாலத்துக்கு முன்னால் கிடப்பதுதான் கோனா எக்ஸ்பிரஸ் சாலை. வழியில் சந்திரகாச்சி ரயில் நிலையம். தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குப் பழகிய பெயர். மூட்டை முடிச்சோடு இறங்கும் பயணி, அவரை ஏற்றிக்கொள்ளக் காத்திருக்கும் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, பள்ளி விட்டுச் சைக்கிளில் திரும்பும் பிள்ளைகள், மீன் கூடையோடு வேன் ரிக்‌ஷா மிதிப்பவர், கூடவே ஆயிரம் மைல் ஓடிவந்த அந்த லாரி: இத்தனை பேருக்கும் இருப்பது ஒரே தார்ச்சாலை.

2025 ஆகஸ்ட் 22 அன்று பிரதமர் கொல்கத்தா வந்தபோது மெட்ரோவின் மூன்று புதிய பகுதிகளைத் திறந்துவைத்தார். ஊரே அதைத்தான் பேசியது. அதே மேடையில் கோனா சாலைக்கு மேலே 7.2 கிலோமீட்டர் நீளத்தில் ஆறு தட மேம்பாலச் சாலை கட்டவும் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 1,200 கோடி ரூபாய்க்கு மேல். தொலைதூர வண்டிகள் மேலே போய்விடும், உள்ளூர் வண்டிகளுக்குக் கீழே இடம் கிடைக்கும் என்பது திட்டம். நல்ல திட்டம், வரவேற்கிறேன். கட்டி முடிப்பதற்குள் நாம் எல்லோரும் சேர்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: கீழே இருக்கும் சாலை யாருடையது, அதை யார் காப்பாற்றப் போகிறோம்?

நெடுந்தூரம் போகிறவருக்கும் அருகில் இறங்குகிறவருக்கும் சாலையிடம் வேண்டியது வெவ்வேறு. முன்னவருக்கு நிற்காமல், ஒரே வேகத்தில் போக வேண்டும். பின்னவருக்கு ஒவ்வொரு வாசலிலும் நிற்க, திரும்ப, குறுக்கே கடக்க வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். ஒரே தடத்தில் இரண்டையும் வைத்தால்தான் ஆபத்து. எழுபதில் வரும் காருக்கு முன்னால் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்ப இருபதுக்குக் குறைத்தால், பின்னால் வருகிறவருக்கு யோசிக்கக் கிடைப்பது ஓரிரு நொடி. சாலையை நோக்கித் திறக்கும் ஒவ்வொரு கேட்டும் சிக்னல் இல்லாத ஒரு சந்திப்பு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் நடந்துபோகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். ஐம்பதைத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு மளமளவென்று குறைகிறது.

இதற்கு வழி கண்ட ஊர்கள் உண்டு. சிகாகோவில் 1960களின் தொடக்கத்தில் திறந்த டான் ரயன் நெடுஞ்சாலையில் தூரப் பயணத்துக்குத் தனித் தடங்களும் பக்கத்து இறக்கங்களுக்குத் தனித் தடங்களும் பிரித்தார்கள். அதைப் பார்த்து டொராண்டோவின் 401ஆம் நெடுஞ்சாலையை விரிவாக்கினார்கள். ஸ்கார்பரோவில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்த தமிழர்களுக்கு அந்தச் சாலை தெரிந்திருக்கும். நடுவில் எக்ஸ்பிரஸ் தடங்கள், ஓரத்தில் கலெக்டர் எனப்படும் உள்ளூர்த் தடங்கள். எக்ஸ்பிரஸுக்குப் பச்சைப் பலகை, கலெக்டருக்கு நீலப் பலகை. ஊருக்குள் இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கலெக்டர் தடத்துக்கு மாறிவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறுவதற்குக் குறிப்பிட்ட இடங்கள் மட்டும்தான். எந்தப் பக்கம் நெரிசல் என்று தலைக்கு மேலே மின்பலகை சொல்லிவிடும்.

அதை அப்படியே கொல்கத்தாவுக்குக் கொண்டுவர முடியாது. 401இல் உள்ளூர் என்றாலும் கார்தான், வெளியூர் என்றாலும் கார்தான். நம் ஊரில் உள்ளூர் என்றால் கால். பிறகு சைக்கிள், டோட்டோ, வேன் ரிக்‌ஷா, நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும் பெண்கள். நகரப் பரப்பில் சாலைக்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழ 6 சதவீதம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவரும் நகரம் இது. டெல்லியில் அந்தக் கணக்கு இருபதுக்கு மேல். அகலப்படுத்த இடமில்லாத ஊர் மேம்பாலங்களைத் தேடிப்போனதில் வியப்பில்லை.

கொல்கத்தாவின் கிழக்கு மெட்ரோபாலிட்டன் பைபாஸின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1980களில் அதைப் போட்டபோது ஊரின் கிழக்கு விளிம்பு அது. அந்தப் பக்கம் மீன் வளர்க்கும் நீர்ப்பரப்பும் வயலும்தான். உல்டாடங்காவிலிருந்து கரியாப் பக்கம் போக, நெரிசலான நகரத்துக்குள் நுழையாமல் ஒரு வழி. சாலை வந்ததும் ஊர் சாலையைத் தேடி வந்தது. 1990களில் ரூபி மருத்துவமனை, சயின்ஸ் சிட்டி. பிறகு முகுந்தபூரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்பத்திரிகள், ஐந்து நட்சத்திர ஓட்டல்கள், அடுக்குமாடிகள், மால்கள். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக ஒரு சிறு விடுதி நகரமே அங்கே எழுந்தது. ஊரைச் சுற்றிப் போகப் போட்ட சாலை, ஊரின் பிரதான வீதி ஆயிற்று. இதில் யாரும் சதி செய்யவில்லை. நிலம் கொடுத்தவர், கட்டட அனுமதி கொடுத்தவர், வாசலைச் சாலைப் பக்கம் வைத்தவர், வீடு வாங்கியவர் என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்து செய்தோம். பழியைப் பங்கு போட முடிகிறபோது பொறுப்பையும் பங்கு போடலாம்.

2018 பிப்ரவரியில் அதே பைபாஸின் சிங்கிரிகாட்டா சந்திப்பில் சைக்கிளில் வந்த இரண்டு மாணவர்கள் பேருந்து மோதி இறந்தார்கள். கோபத்தில் மக்கள் வண்டிகளுக்குத் தீவைத்தார்கள். அந்தச் சந்திப்பின் ஒரு பக்கம் சால்ட் லேக்கின் ஐ.டி. அலுவலகங்கள், இன்னொரு பக்கம் ஏழைகளின் குடியிருப்பு, நடுவில் வேகச் சாலை. தினமும் குறுக்கே கடந்தே ஆகவேண்டிய ஆயிரக்கணக்கானவர்களை நினைத்து வரைந்த சாலை அல்ல அது. கடக்கிறவரை ஒழுங்கில்லாதவர் என்று திட்டுவது சுலபம். தடுப்பைத் தாண்டிக் குதிக்காமல் போக எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று திட்டுகிறவர் ஒருமுறை நடந்து பார்த்தால் பேச்சு மாறும்.

மாலை ஆறரை மணிக்கு ரூபி சந்திப்பில் நின்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். பேருந்து நிறுத்தம் ஓரத்தில் இருக்கிறது. பேருந்து ஓரத்துக்கு வருவதில்லை. இரண்டாவது தடத்திலேயே வேகம் குறைக்கிறது. நடத்துநர் தகரத்தைத் தட்டி “ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா” என்று குரல் கொடுக்கிறார்: மெதுவாகப் போ, பெண் இறங்குகிறார், இடுப்பில் குழந்தை. கொல்கத்தாவில் நாலு நாள் இருந்தவருக்கும் இந்தக் குரல் மனப்பாடம். அந்தப் பெண் இறங்குவது ஓடும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே. நடத்துநருக்கு அக்கறை இல்லாமல் இல்லை, அந்தக் குரலே அக்கறைதான். தனியார் பேருந்தில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் டிக்கெட் வசூலில் கமிஷன்தான் வருமானம். ஓரம் கட்டி நிறுத்தினால், பின்னால் வரும் அதே எண் பேருந்து முந்திப்போய் அடுத்த நிறுத்தத்தின் பயணிகளை அள்ளிக்கொள்ளும். அதனால் நடுத்தடத்திலேயே ஏற்றி, இறக்கி, பாய்கிறார்கள். கமிஷனை விட்டு மாதச் சம்பளத்துக்கு மாறாத வரை எந்தத் தடுப்பும் அந்தப் பேருந்தை ஓரத்துக்குக் கொண்டுவராது. முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் போக்குவரத்துத் துறையும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது இது. அந்தப் பேச்சுக்குக் கட்டணம் பற்றிய நம் பிடிவாதமும் தடையாக இருக்கிறது. சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் நியாயமான கட்டணத்தைப் பயணிகளும் ஏற்க வேண்டியிருக்கும்.

மேலே ஏற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்பதற்கு மா மேம்பாலம் ஒரு பாடம். 2015 அக்டோபரில் திறந்தது. பார்க் சர்க்கஸிலிருந்து பைபாஸின் பரமா சந்திப்புக்குச் சில நிமிடத்தில் போய்விடலாம். பின்னர் ஏ.ஜே.சி. போஸ் சாலை மேம்பாலத்தோடும் இணைத்தார்கள். ஆம்புலன்ஸில் போகும் நோயாளிக்கு அது உயிர். அதே பாலத்தில் இரவில் வேகம் தறிகெட்டது, இரு சக்கர வண்டிக்காரர்கள் விழுந்தார்கள். பட்டத்தின் மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தது. கடைசியில் இரவு நேரத்தில் இரு சக்கர வண்டிகளுக்குத் தடை போட்டார்கள், ஓரத்தில் வேலியும் கட்டினார்கள். கீழே தொப்சியா, தில்ஜலா பக்கத்தில் தோல் பட்டறைகளுக்குச் சரக்கு இழுக்கும் வேன் ரிக்‌ஷாக்காரர் பழைய சாலையில்தான் போகிறார். மேலே புதுத் தார், பளிச்சென்ற விளக்கு. கீழே தூண், நிறுத்திய வண்டி, கொட்டிய குப்பை. இரண்டும் ஒரே நகரத்தின் பணம்.

சைக்கிள் விஷயத்தில் இந்த நகரம் தனக்குத் தானே அநீதி செய்துகொண்டது என்றுதான் சொல்வேன். 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்கும் கைவண்டிகளுக்கும் பகலில் தடை வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு எண்ணிக்கை குறைந்தது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லாம் ஒரே உத்தரவில் குற்றவாளி ஆனார்கள். வேகமாகப் போகிறவரிடமிருந்து மெதுவாகப் போகிறவரைப் பிரிப்பது சரி. பிரிக்கும்போது மெதுவாகப் போகிறவருக்கும் ஒரு வழி கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் பிரித்தால் அது வெளியேற்றம்.

பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரதான தடங்களில் பைக், ஆட்டோ, டிராக்டர்களுக்குத் தடை வந்தது நினைவிருக்கும். அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த தடை, நியாயமானதும்கூட. ஆனால் அந்த வண்டிகள் போகவேண்டிய சர்வீஸ் ரோடு சில பாலங்களில் அறுபட்டு நின்றது அப்போது பெரிய குறை. ஓ.எம்.ஆர். வழியாக வேலைக்குப் போகும் சென்னைக்காரர்களுக்கும் இது புதிதல்ல. யூ டர்ன் தூரமாக இருந்தால் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டி வரும். கடைக்கு முன்னால் கார் நின்றால் நடக்கிறவர் பிரதான சாலைக்கு இறங்குவார். கொல்கத்தா விமான நிலையத்துக்குப் போகும் வி.ஐ.பி. சாலையில் கேஷ்டோபூர், பாகுயாட்டி பக்கத்து ஓரச் சாலைகளும் இதே நிலைமைதான். அங்கே நிற்கும் கார்கள் அரசாங்கத்தின் கார்கள் அல்ல, நம்முடையவை.

ஆகவே அரசிடம் கேட்பதோடு நம்மிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் ஆஸ்பத்திரியோ மாலோ அடுக்குமாடியோ தன் வாசலை வேகத் தடத்தை நோக்கித் திறக்கக் கூடாது, சர்வீஸ் ரோடு என்கிற அணுகுசாலை வழியாகத்தான் வரவேண்டும். இதை மாநகராட்சி அனுமதியின் நிபந்தனையாக வைத்தால் கட்டுகிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நிலம் போகும். அங்கே வரும் நோயாளியும் வாடிக்கையாளரும் உயிரோடு வந்துசேர்வார்கள். குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் வாசல் எதிரே இருக்கும் அணுகுசாலையில் வண்டி நிறுத்துவதை உரிமையாக நினைப்பதை விட வேண்டும். வேகத் தடத்தில் நெரிசல் என்றதும் அணுகுசாலையில் புகுந்து குறுக்கு வழி தேடும் காரோட்டி, அங்கே பள்ளிப் பிள்ளை நடக்கிறது என்பதை நினைக்க வேண்டும். நடைபாதை வியாபாரிகளை விரட்டத் தேவையில்லை. கொல்கத்தாவின் சோறும் டீயும் அவர்கள் கையில் இருக்கின்றன. நடக்க வழிவிட்டு எங்கே உட்காரலாம் என்று கோடு போட்டுக் கொடுத்தால், கோட்டைக் காப்பது அவர்கள் பங்கு. நடந்துபோகிறவரும், பக்கத்திலேயே கடவை கொடுத்த பிறகு தடுப்பைத் தாண்டக் கூடாது. கொடுத்த பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். வரிசையில் முதல் கடமை சாலை போடுகிறவருடையது.

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் பிரதான சாலையை வரையும்போதே ஓரச் சாலையையும் சேர்த்து வரைந்தார்கள். காலி நிலத்தில் அது முடிந்தது. கோனாவில் நிலம் காலியாக இல்லை, மக்கள் இருக்கிறார்கள், கடைகள் இருக்கின்றன, குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் சந்திரகாச்சி ஏரியும் சாலைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இப்போதே பேச வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மேலே கட்டும். கீழ்ச்சாலை, வடிகால், விளக்கு, நிறுத்தம் ஆகியவை மாநில அரசு, ஹவுரா மாநகராட்சி, காவல் துறை என்று பல கைகளில் சிதறும். பல கைக்குப் போகும் வேலை எந்தக் கைக்கும் சொந்தமில்லாமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆணையமும் மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து ஒரே வரைபடத்தை வெளியிடட்டும். சந்திரகாச்சி நிலையத்திலிருந்து இறங்கும் பயணி எங்கே நடப்பார், டோட்டோ எங்கே நிற்கும், பேருந்து எந்த வளைவில் ஒதுங்கும், சைக்கிள் எந்தப் பக்கம் போகும், பள்ளிப் பிள்ளைகள் எந்த இடத்தில் எத்தனை நொடிப் பச்சை விளக்கில் கடப்பார்கள் என்று அதில் வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதி, சாலையோர மக்களைக் கூப்பிட்டுக் காட்டட்டும். டோட்டோக்காரர்களின் சங்கமும் லாரி உரிமையாளர்களும் கடைக்காரர்களும் வந்து குறை சொல்லட்டும், திருத்தட்டும். மேல்சாலையைத் திறக்கிற அன்றே கீழ்ச்சாலையின் நடைபாதையும் கடவைகளும் முடிந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். கீழே முடியாமல் மேலே திறப்பு விழா வேண்டாம்.